நான்கு ஐந்தான வருடம்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நான் கல்லாவில் நின்ற சாப்பாட்டுக் கடைக்கு, மதுரைப் பக்கத்திலிருந்து வேலை அனுமதியில் வந்தவர் எங்கள் தோசை மாஸ்டர். அந்த அனுமதி எங்கள் கடைக்கு மட்டும்தான். வேறு கடைக்குப் போவதென்றால் அந்த முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், யார் மெனக்கெடுவார்கள்?

"இது பர்மிட் இல்லண்ணே, கடை எனக்குக் கட்டுன தாலி" என்பார் மாஸ்டர். இப்படி யாராவது எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள் என்றுதான் அந்தச் சம்பளத்துக்கு அங்கே நின்றேனோ என்னவோ.

நான்கு வருடம் முடிந்தால் நிரந்தர வீசா. பிறகு பிடித்த இடத்தில் வேலை, தனி வீடு, ஊரிலிருந்து மனைவியும் பிள்ளையும். முடியச் சில வாரங்கள் இருக்கையில் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம், சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று முதலாளி குறை சொல்ல, மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஓனரே, நாலு வருசமா மேல் ரூம்ல மாவு மூட்டையோட படுக்குறேன். மூட்டையாவது வாராவாரம் மாறுது, நான் மாறல. அடுத்த மாசம் நீங்களே தோசை ஊத்திக்கங்க!"

சமையலறையே சிரித்தது. முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

அந்த வாரமே அரசாங்கம் அறிவித்தது: நான்கு இனி ஐந்து. ஏற்கெனவே வந்தவர்களுக்கும் அதேதான். இன்னொரு வருடம் நீட்ட முதலாளியின் கையெழுத்து வேண்டும். மாஸ்டர் என்னைத் தூது அனுப்பினார். முதலாளி, ஜெர்மனியில் அகதி முகாமில் வருடக்கணக்காகக் கிடந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர்.

"அண்ணை, அவர் வாய் தவறிக் கதைச்சிட்டார்."

"வாய் தவறேல்லை. நாலு வருசம் யோசிச்சுக் கதைச்சவர்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எனக்கும் அங்க ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பொறு எண்டுதான் சொன்னவங்கள். கொண்டா, கையெழுத்து வைக்கிறன். மன்னிப்புக் கேக்க வர வேண்டாமெண்டு சொல்லு. வந்தா நானும் ஏதும் சொல்ல வேண்டி வரும்."

அன்று மாலை கடை திறக்குமுன், மாஸ்டர் பின்வாசலில் நின்று போன் கார்டைச் சுரண்டி மனைவியை அழைத்தார். உள்ளே நானும் முதலாளியும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்தே கிடந்தது.

"இந்த வருசம் இல்லம்மா... சட்டம் மாறிருச்சு... நாலுன்னுதான் சொன்னாங்க, இப்ப அஞ்சுங்குறாங்க... ஏன்னா எனக்கென்னடி தெரியும்? நான் பொய் சொல்லல..."

அந்தப் பக்கம் மனைவி விடாமல் கேட்டிருக்க வேண்டும். பிறகு தளர்ந்துபோய், "சரி, ஓனர்தான் விட மாட்டேங்கிறாரு. போதுமா? ஆமா, மோசமான ஆளுதான்."

அதை அந்தப் பக்கம் நம்பிவிட்டார்கள் போலும். பேச்சு பிள்ளையின் காய்ச்சலுக்குப் போய்விட்டது.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"விடு தம்பி. அந்த மனுசிக்கும் திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்தானே" என்றார். "கதவைச் சாத்து, குளிருது."