சின்னவள் வீட்டில் மூன்று மாதம்

இரட்டையர்களில் பெரியவள் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டினாள். சின்னவள் வீடு வீடாகத் தபால் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவருக்கும் ஒரே முகம், ஒரே குரல், ஒரே சிரிப்பு. தினமும் பன்னிரண்டில் போகிறவர்கள் சின்னவளைத் தெருவில் பார்த்துவிட்டு, "பஸ்ஸை எங்க விட்டுட்டு நடந்து வர்றீங்க?" என்று கேட்பார்கள். "அது பின்னாடி மெதுவா வருது" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கதவைத் தட்டப் போய்விடுவாள்.

ஐம்பது வயதில்தான் அவர்கள் உடம்பில் முதல் வித்தியாசம் வந்தது. ஓட்டுநர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் பெரியவளுக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டெப்போ டாக்டர், மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். அதுவரை சாவி ஜன்னலில் வேலை. அதற்குப் பிறகு மறுபடி ரத்தப் பரிசோதனை. அப்போதும் சர்க்கரை இறங்காவிட்டால் ஓய்வு பெறும்வரை சாவி ஜன்னல்தான்.

சாவி ஜன்னல் என்பது டெப்போ வாசலை ஒட்டிய சின்ன அறை. காலையில் ஓட்டுநர்கள் வந்து கை நீட்டுவார்கள். உள்ளே இருப்பவர் அவரவர் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுக்க வேண்டும். தன் பஸ்ஸின் சாவியைத் தன் கையாலேயே இன்னொருவரிடம் கொடுப்பது பெரியவளுக்கு, பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வருவது போல இருந்தது. "கிளட்ச்சை மெதுவா மிதிங்க, அவ கொஞ்சம் ரோஷக்காரி" என்று தினமும் சொல்லியனுப்பினாள். புதிய ஓட்டுநர் தினமும் தலையை ஆட்டிவிட்டு, கேட்டைத் தாண்டுவதற்குள் வண்டியைக் குலுக்கி எடுத்துவிடுவார். ஜன்னலுக்குள்ளிருந்தே இவள் இடது கால் தரையை மெதுவாக மிதிக்கும்.

"எங்கம்மாவுக்கும் சுகர், பெரியம்மாவுக்கும் சுகர். பரம்பரை. இதுல நான் என்ன செய்ய முடியும்?" என்று டாக்டரிடம் வாதாடினாள்.

"உங்க தங்கச்சிக்கு?"

"அவளுக்கும் இருக்கும் டாக்டர். ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சு பொறந்தவங்க நாங்க. அவ டெஸ்ட் எடுத்துப் பார்க்கல, அவ்வளவுதான்."

தனியாக மாட்டிக்கொள்வதைவிட ஜோடியாக மாட்டிக்கொள்வது ஆறுதல். மறுநாளே சின்னவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தாள். சின்னவளின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

"எனக்குச் சேர வேண்டியதையும் நீயே அமுக்கிட்டியாடி?"

"பொறந்ததுலேருந்து எல்லாத்துலயும் பாதி கேட்டாச்சு. இதுலயும் பங்கா?" என்றாள் சின்னவள்.

டாக்டர் இருவரையும் உட்கார வைத்தார். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மரபணுதான். ஆனா எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யணும்ங்கிறது பொறக்கும்போதே முடிஞ்சுபோற விஷயம் இல்ல. சாப்பாடு, தூக்கம், நடை, கவலை, இதெல்லாம் அதுங்க மேல சின்னச் சின்ன அடையாளம் வைக்கும். சிலது மும்முரமாகும், சிலது அடங்கிடும். பரம்பரை இல்லேன்னு சொல்லல. அது மட்டுமே இல்ல."

பெரியவள் யோசித்தாள். டெப்போவில் ஒரே நாளில், ஒரே கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பஸ்கள் இருந்தன. ஒன்று இன்றைக்கும் வெண்ணெய் மாதிரி போகிறது. இன்னொன்று மேடு கண்டால் இருமுகிறது. அதற்கு எந்த ஓட்டுநர் காரணம் என்று பெயர் சொல்லித் திட்டியவள் அவளேதான்.

"அப்ப வண்டி ஒண்ணுதான், ஓட்டினவதான் வேறங்கிறீங்க."

"இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர்.

தன் வண்டியைத் தான் ஓட்டிய விதம் பெரியவளுக்குத் தெரியாததா. பஸ் கடைசி ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் சீட்டைவிட்டு இறங்காமல் இனிப்பு டீ. கடைசி டிரிப் முடித்து வீட்டுக்கு வந்தால் மேசைமேல் ஒரு டப்பா. அவள் கணவர் பேக்கரிக்காரர். விடியும் முன்னே மாவு பிசையப் போகிறவர், அவள் வரும்போது தூங்கியிருப்பார். அவர் விழித்திருந்து பேச முடியாததையெல்லாம் அந்த டப்பாவில் கிரீம் பன்னாக அடுக்கி வைத்திருப்பார். அவளும் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் கேட்டுக்கொள்வாள்.

டாக்டர் அறையைவிட்டுப் படியிறங்கும்போதே சின்னவள் கிசுகிசுத்தாள். "அடுத்த டெஸ்டுக்கு நான் போய் ரத்தம் கொடுத்துட்டு வரவா? யாருக்குத் தெரியப்போகுது?"

பள்ளியில் கணக்குப் பரீட்சையை இருவருக்குமாகச் சின்னவளும், பாட்டுப் பரீட்சையைப் பெரியவளும் முடித்துக் கொடுத்த ஜோடி அது. பெரியவளுக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது. பிறகு பாலத்து இறக்கமும், உள்ளே நெருக்கி நிற்கிற ஜனங்களும் கண்முன் வந்தார்கள்.

"வேண்டாம்டி. கணக்குல தப்பினா எனக்கு மட்டும்தான் முட்டை. ஸ்டியரிங்ல எனக்குக் கண்ணு இருட்டினா, பின்னாடி இருக்கறவங்க என்ன ஆவாங்க?" கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். "ரத்தத்தை மாத்த வேண்டாம். வீட்டை மாத்திக்கிறேன். மூணு மாசம் உன் வீட்ல, உன்னை மாதிரியே இருக்கேன்."

ஒரே வண்டியை ஒரே மாதிரி ஓட்டினால் ஒரே மைலேஜ் வர வேண்டும் என்பது அவள் கணக்கு. கணக்கில் அவள் எப்போதுமே கொஞ்சம் மோசம்தான் என்றாலும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சின்னவள் வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் கிடையாது. இருட்டும் முன்பே சாப்பாடு: அவித்த பீன்ஸ், கீரை, ஒரு முட்டை, சில நாள் மீன். "இதை மென்னு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்போல" என்று பெரியவள் முனகினாள். "மெல்லு, அதுவும் வேலைதான்" என்றாள் தங்கை. காலையில் டெப்போவில் சாவிகளைக் கொடுத்து முடித்ததும், தபால் பையோடு தங்கை நடக்கும் தெருக்களில் அவளும் நடந்தாள்.

"என்ன, இன்னிக்கு ரெண்டு பேரா? தபால் அதிகமோ?" என்று ஒரு வீட்டம்மா கேட்டாள்.

"இல்லீங்க, இவ ஸ்டெப்னி" என்றாள் சின்னவள்.

முதல் சாயங்காலமே கதவு தட்டப்பட்டது. வெளியே பேக்கரிக்காரர், நான்கு மாடி ஏறிய மூச்சோடு, கையில் டப்பாவோடு நின்றார்.

"வீட்ல ஒரு சத்தமும் இல்லம்மா. கடிகாரம் மட்டும்தான் பேசுது."

"வாங்க, உக்காருங்க. பன்னை மட்டும் என் கண்ணுல காட்டாதீங்க" என்றாள் பெரியவள்.

மனிதரின் முகம் வாடிவிட்டது. சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. "கொடுங்க மாமா, நான் சாப்பிடறேன்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் வந்தார். மனைவியோடு உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிட்டார். முதலில் ஒவ்வொரு மாடியிலும் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டவர், போகப் போக நிற்காமல் ஏறினார். கல்யாணமான புதிதில் பேசியதற்குப் பிறகு அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. புளிக்காமல் சண்டித்தனம் செய்த மாவு, சில்லறை தராத பயணி என்று பேச்சு நீளும். சின்னவள் கொட்டாவி விட்டு விளக்கை அணைக்கும்வரை அவர் கிளம்ப மாட்டார்.

மறு பரிசோதனை முடிவைக் கேட்க மூவரும் சேர்ந்தே போனார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சின்னவளிடமும் டாக்டர் ரத்தம் எடுத்திருந்தார். பெரியவள் நாற்காலி நுனியில், பிரேக் மிதிக்கிற மாதிரி வலது காலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இறங்கியிருக்கு. மாத்திரைக்கும் இதுல பங்கு உண்டு, அதனால நிறுத்திடாதீங்க. நடையையும் நிறுத்தாதீங்க."

"அதெல்லாம் சரி டாக்டர். ஸ்டியரிங்?"

"நாளைக்கே எடுத்துக்கோங்க."

பேக்கரிக்காரர் மேசைக்கு மேலாக எட்டி டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட மறந்துபோனார். டாக்டர்தான் மெல்ல விடுவித்துக்கொண்டு, அடுத்த முடிவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"தங்கச்சிக்கு ஏறியிருக்கே. இன்னும் எல்லைக்குள்ளதான் இருக்கு, பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா ஏறியிருக்கு. என்ன மாத்தினீங்க?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "தினம் ரெண்டு கிரீம் பன். மாமா மனசு நோகக் கூடாதேன்னு."

"நல்லா இருக்குன்னு நீதானேம்மா சொன்ன?" என்றார் பேக்கரிக்காரர் பரிதாபமாக.

"நல்லாத்தான் மாமா இருந்துச்சு. அதான் வினை."

பெரியவளுக்குச் சிரிப்புத் தாளவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, தங்கையின் தோளில் சாய்ந்துகொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றே பெரியவள் தன் வீட்டுக்குத் திரும்பினாள். இனிக் காலை ஷிப்ட் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இருட்டும் முன்பே கணவரோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

மறுநாள் காலை பன்னிரண்டாம் நம்பர் ஒரு குலுக்கலும் இல்லாமல் கேட்டைத் தாண்டியது. பாலத்துக்குக் கீழே, ஸ்டாப்பில், தபால் பையோடு சின்னவள் கை காட்டினாள். பெரியவள் பஸ்ஸை அவள் காலடியிலேயே அணைத்து நிறுத்திக் கதவைத் திறந்தாள். அக்காவின் முதல் டிரிப்பில் ஏறிவிட வேண்டும் என்று ஆசையாகப் படியில் கால் வைத்தாள் சின்னவள்.

"காலை எடுடி" என்றாள் பெரியவள். "நீ நட."

முன்சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். கதவு மூடியது. பஸ் மேட்டில் ஏறியது. பக்கவாட்டுக் கண்ணாடியில், சின்னவள் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஏதோ திட்டியபடி நடக்க ஆரம்பித்திருந்தாள். அவள் நடக்கிறாளா என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் பெரியவள் அடுத்த கியரைப் போட்டாள்.