சேலத்து விலையும் செம்மநத்தத்துச் சாமையும்

நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் விலைவாசி எழுதிவைப்பது என் வழக்கம். தை மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் இப்படி இருக்கிறது: "சாமை. ஏற்காடு கடைவீதியில் கிலோ நூற்றிருபது. சேலத்தில் தொண்ணூறு. செம்மநத்தத்தில், விளைவித்தவர் வீட்டிலேயே, நாற்பத்தைந்து!" ஆச்சரியக்குறியை நான் அளந்துதான் போடுவேன். அன்று கை மீறிவிட்டது.

காரணம் உண்டு. என் மனைவிக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் தினமும் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் எதற்கும் அஞ்சாதவள், ஊசியைத் தவிர. "ஊசின்னா குப்பனூர் ரோடு வழியா மலைய உட்டே எறங்கி ஓடிப் போயிருவனுங்க" என்றாள் வீட்டுக்கு வந்ததும். அவள் இங்கே ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். நான் ஓய்வுபெற்றபின் சமையல் என் பொறுப்பு. ஆகவே அவளை ஊசியிலிருந்து காப்பாற்றுவதும் என் பொறுப்பாயிற்று. அதுவும் மாத முதலில் எடுத்துவைக்கும் மளிகைப் பணத்துக்குள்.

அரிசியைக் குறைத்துச் சாமை, கொள்ளு, காய், கீரை என்று முடிவாயிற்று. பீன்ஸும், சௌசௌ என்கிற மேராக்காயும் மலையில் மலிவு. வெங்காயமும் பருப்பும் சேலத்தில் மலிவு. ஆனால் பஸ் கட்டணத்தை வாங்கும் கிலோக்களுக்குப் பகிர்ந்து விலையோடு சேர்க்க வேண்டும். பலரும் அதைச் செய்வதில்லை. இப்படியெல்லாம் கணக்குப் பார்த்த எனக்குத்தான் அந்த நாற்பத்தைந்து ரூபாய் கண்ணை மறைத்தது.

ஜீப் பிடித்து, மலைக்குள் தள்ளியிருக்கும் செம்மநத்தம் கிராமத்துக்குப் போனேன். சாமை விதைத்த வீட்டுக்கார அம்மா பத்துக் கிலோவை அளந்து போட்டார். முகத்தில் ஒரு சின்னச் சந்தேகம்.

"ஊட்டுல உரலு இருக்குதுங்களா சார்?"

"கிரைண்டரே இருக்குதுங்க" என்றேன், பெருமையாக.

மறுநாள் அதைக் கழுவி, ஊறவைத்து, குக்கரில் ஐந்து விசில் விட்டேன். வேகவில்லை. மேலும் நான்கு. மனைவி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நெடுநேரம் மென்றாள்.

"ஏனுங்க, இது எனக்கா, கோழிக்கா?"

உமி! சாமைக்கு உமி உண்டு என்பதை நான் எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். கடையில் வாங்குவது உமி நீக்கிய அரிசி என்பதும் தெரியும். இரண்டு செய்திகளும் என் தலைக்குள் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. மிக்ஸியில் ஒரு பிடி போட்டுப் பார்த்தோம். உமியும் மாவும் கலந்த தூள் வந்தது. உமி நீக்கும் மில் இருப்பதோ கீழே, சமவெளியில். பத்துக் கிலோவில் ஆறுதான் தேறும் என்றார்கள். பஸ் கட்டணமும் அரவைக் கூலியும் சேர்த்தால் சேலத்து விலையைத் தாண்டிவிடும்.

"படிச்ச மாப்பிள்ளைன்னு எங்கூட்டுல தேடிப் புடிச்சாங்க" என்று மனைவி பெருமூச்சு விட்டாள். பிறகு சிரிப்பு தாளாமல் சமையல்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, விற்றவரிடமே வழி கேட்கலாம் என்று மூட்டையோடு அவளும் கிளம்பினாள். செம்மநத்தத்து அம்மா எங்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கிரைண்டருன்னு சொன்னதும், லவ்பேர்ட்ஸுக்குப் போடறதுக்குன்னு நெனச்சனுங்க. கீழயிருந்து வர்றவிய அதுக்குத்தான் உமியோட வாங்குவாங்க."

"ரெண்டு பேரும் லவ்பேர்ட்ஸ்தானுங்க" என்றாள் மனைவி. "ஆனா பல்லு இருக்குது."

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அந்தந்த வாரத்துக்கு வேண்டிய சாமையை அந்தந்த வாரமே குத்துவார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பேர், ஒரே உரலில், மாற்றி மாற்றி. "ஒண்டியாக் குத்துனா கை உட்டுப்போகுமுங்க. நீங்க வாங்க அம்மிணி, ரெண்டு ஊட்டுதையும் சேத்துக் குத்திப்போடலாம்" என்றார் அந்த அம்மா. கூலி வேண்டாம், தவிடு மட்டும் அவருடைய மாட்டுக்கு.

முதல் நாள் என் மனைவியின் உலக்கை உரலின் விளிம்பில்தான் அதிகம் விழுந்தது. "உரலு ஒடஞ்சா சார் புதுசு வாங்கித் தரோணும்" என்று அந்த அம்மா என்னைப் பார்த்தார். மூன்றாம் வாரம் தாளம் கூடிவிட்டது. நான் புடைக்க முயன்றேன். அரிசி பறந்து உமி முறத்தில் நின்றதால் அந்த வேலையிலிருந்து நீக்கப்பட்டு, விளைந்த காட்டிலேயே, அந்த விலைக்கு அவரைக்காயும் கீரையும் வாங்கி வர அனுப்பப்பட்டேன். அதில் மிச்சமான பணம் ஜீப் கட்டணத்துக்குச் சரியாயிற்று. வாரம் முழுக்கச் சாமைச் சோறு, கொள்ளு ரசம், கீரைக் கடைசல். மளிகைப் பணம் மாதக் கடைசிவரை தாங்கியது.

சித்திரையில் மறுபடி ரத்தப் பரிசோதனை. காகிதத்தை டாக்டர் படித்து முடிக்கும்வரை அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

"நல்லா எறங்கியிருக்கு. ஊசி வேண்டாம். என்ன பண்ணுனீங்க?"

"சாமை" என்றேன் நான்.

"உலக்கை" என்றாள் அவள், அதே நேரத்தில்.

டாக்டர் இரண்டையும் தொடரச் சொன்னார். படிக்கட்டு இறங்கும்போது அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

வரலாற்றை ஒழுங்காக எழுத வேண்டும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குத்தி முடித்ததும் அவர்கள் இருவரும் வீட்டுக்குள் போய்க் காபி குடிப்பார்கள். நான் கீரைக்காட்டில் இருப்பேன். அது இனிப்பில்லாத வெறும் காபிதான் என்பது என் மனைவியின் வாக்குமூலம். "எங்கூட்டுல வெல்லம் போடாம காபி கெடையாதுங்க சார்" என்பது அந்த அம்மாவின் வாக்குமூலம். இரண்டில் எது உண்மை என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.