தம்பி வரக்கூடிய வியாபாரம்

என் தம்பி அமெரிக்காவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போன் பண்ணுவான். அங்கே அது சனிக்கிழமை இரவு. அவன் சாப்பிட்டு முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுக் கூப்பிடும் நேரத்தில் நான் இட்லிக்கு அடுப்பைப் பற்ற வைத்திருப்பேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட ஒரே கிழமையில் இல்லை என்பதைக் கொஞ்ச காலம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

அம்மாவும் போன பிறகு விருதுநகர் வீட்டில் நான் ஒருத்திதான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எல்லாமே என்னுடைய கதையைவிட நன்றாக இருக்கும். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்தேன். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். பகல் பொழுது மிஷின் சத்தத்தோடும், ‘லேபிள் எப்பத் தருவீக’ என்று கத்தும் கம்பெனிக்காரர்களோடும் ஓடிவிடும். வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனதும்தான் பேச ஆள் இல்லை என்பது உறைக்கும்.

ஒருத்திக்காகச் சமைப்பதைப் போல எரிச்சலான காரியம் உலகத்தில் கிடையாது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் சோறு மிஞ்சும். ரசம் மறுநாளும் வரும். காய்கறிக்காரி என் பையைப் பார்த்துவிட்டு, “எக்கா, இந்த அரைக் கத்திரிக்காய மட்டும் எங்கிட்டு நிறுக்க?” என்று கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அரிவாள்மணையில் உட்காரும்போது அழுகை வரும். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

தெருவுக்குப் பிராட்பேண்ட் வந்த சமயம், இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும், தம்பி ஒரு யோசனை சொன்னான். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தீபாவளி வந்தால் மனசு அடித்துக்கொள்கிறது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அங்கிருந்தே பட்டாசு வாங்கிக் கொடுக்க ஒரு வழி இருந்தால் கார்டைத் தேய்த்துவிடுவார்கள். வெப்சைட்டை அவன் போடுவான். சரக்கு விவகாரத்தை நான் பார்க்க வேண்டும்.

“நீ சிவகாசியில வேலை பாக்க, நான் இங்கன இருக்கேன். இதுக்கு மேல என்னக்கா வேணும்?” என்றான்.

எனக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன!

அடுத்த ஞாயிறு, பிசினஸ் மாடல் என்ற ஒன்றைக் கொண்டுவந்தான். எங்கள் அச்சகத்தில் மாடல் என்றால் மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கிற குழந்தைப் படம். அவன் சொன்னது வேறு. நாமே லைசென்ஸ் எடுத்து, ஊருக்கு வெளியே குடோன் பிடித்து, சரக்கு வாங்கி அடுக்கி, பெட்டி கட்டி லாரியில் போட்டுவிடுவது ஒரு வழி. ஆர்டரை மட்டும் நாம் வாங்கிக்கொண்டு, அந்தந்த ஊரில் இருக்கும் பட்டாசுக் கடைக்காரரிடம் சொல்லி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கச் செய்துவிட்டு, கமிஷனோடு நிற்பது இன்னொரு வழி. வெப்சைட்டையே சந்தை மாதிரித் திறந்துவிட்டு, கடைக்காரர்களிடம் வாடகை வாங்குவது என்றும் ஒன்று இருந்தது. நம்மை யார் என்றே தெரியாதவன் எதற்கு வாடகை தருவான் என்று அதை அவனே தள்ளிவிட்டான்.

“குடோன் போட்டோம்னா நான் வந்துதாங்க்கா ஆகணும். லைசென்சு, ஆளு, லோடு எல்லாத்தையும் நீ ஒத்தையில பாக்க முடியாது. கடை மூலமாக் குடுக்குறதுன்னா நீ போனைப் பாத்துக்கிட்டாப் போதும். மத்ததை நான் இங்கன இருந்தே பாத்துக்கிடுவேன்.”

இதில் முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து நான் குடோன் கட்சி. யார் கேட்டாலும், சரக்கு நம் கையில் இருக்க வேண்டும், அடுத்தவன் கடையை நம்பி வியாபாரம் பண்ணுவதா என்று பெரிய முதலாளி மாதிரிப் பேசினேன். சிவகாசியை ஒட்டி விஸ்வநத்தம் பக்கம் வாடகைக்கு ஒரு குடோன் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு நாள் லீவு போட்டுப் பார்க்கப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. இடத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஆம்பள ஆளு யாரும் வரலையாம்மா?” என்றார். மற்ற நேரமாக இருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். அன்றைக்கு, “தம்பி வருவான்” என்றேன். அப்படிச் சொன்னதில் இருந்த சந்தோஷத்தில் அவர் சொன்ன வாடகைகூட அதிகமாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதே தம்பி குடும்பத்துக்கு மாடி அறையை ஒழித்துக் கொடுப்பது, பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பது வரை யோசித்துவிட்டேன். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

லைசென்ஸ் அந்த சீசனுக்குள் வருகிற மாதிரி இல்லை. அதனால் தம்பி ஒரு ஏற்பாடு சொன்னான். அந்த வருஷம் மட்டும் பாதி ஆர்டரை, தெரிந்த மொத்த வியாபாரி ஒருவரிடம் பெட்டி கட்டி வாங்கி, நமது குடோனிலிருந்து போவதைப் போல லாரியில் அனுப்புவது. பாதியைக் கடைக்காரர்கள் மூலம் கொடுப்பது. “தீவாளி முடியட்டும். நீ எது சரின்னு சொல்றியோ அதுதாங்க்கா” என்றான். ஆக, அவன் வருவதும் வராததும் என் வாயில் இருந்தது.

ஆடி மாதமே முதல் ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டரில் அந்த வரியைப் பார்த்ததும் துள்ளி எழுந்தேன். எழுந்து யாரிடம் சொல்ல? தம்பி தூங்கிக்கொண்டிருப்பான். அந்த நேரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம், “அமெரிக்காவில இருந்து ஆர்டர் வந்திருக்கு” என்றேன். “அப்படியாக்கா?” என்றவர், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

புரட்டாசி முடிவதற்குள் கடைக்காரர்கள் என் உயிரை எடுத்தார்கள். ராஜபாளையத்துக் கடைக்காரர் ஒருவர், ஒரு வீட்டுக்கு வெளிநாட்டு மகன் பணம் கட்டிய வெடிகளை எடுத்துவிட்டு அதே விலைக்கு மத்தாப்பும் பூச்சட்டியுமாகக் கொடுத்துவிட்டு வந்தார். போனில் பிடித்துக்கொண்டேன்.

“ஆர்டர்ல இருக்கிறதை மாத்த நீங்க யாருங்க?”

“எக்கா, அந்த வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுல ஆபரேசன் ஆகி இப்பத்தான் வந்திருக்காக. அவுக வாசல்ல போய் அணுகுண்டு வெடிக்கச் சொல்லுதீகளா?”

“அதை அவங்க மகன்ல சொல்லணும்?”

“மகன் அங்கனல்ல இருக்காரு. நான்தான இங்கன இருக்கேன்” என்றார்.

எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், கொண்டாட்டம் இன்னொரு பக்கம். பார்த்தாயா, கடைக்காரன் இஷ்டத்துக்கு மாற்றுகிறான், நமது பெயர் கெட்டுவிடும் என்று தம்பியிடம் விலாவாரியாகச் சொன்னேன். “அப்படியா?” என்று மட்டும் கேட்டான்.

லாரிப் பக்கம் ஒரு குறையும் இல்லை. பட்டாசைத் தபாலிலும் கொரியரிலும் அனுப்ப முடியாது. லாரி ஆபீசில் போட்டால் அந்த ஊர் ஆபீசோடு சரி. அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக ஊருக்கு ஊர் ஆட்டோவுக்கும் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு லோடு ஏறி ரசீது கைக்கு வந்துவிட்டால் தீபாவளி முடிந்த மாதிரி. ஊர் உலகமெல்லாம் அப்போதுதான் புதுத்துணிக்கு அலைந்துகொண்டிருக்கும். இங்கே போனஸ் கொடுத்து, ஆட்களை ஏற்றி வந்த வேன்களும் நின்று, ரோடே வெறிச்சென்று கிடக்கும். பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்போம், எந்த லாரி என்று கேட்போம். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. நானும் கேட்கவில்லை.

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

“தப்பா எடுத்துக்கிடாதீகம்மா. எங்களுக்கு இந்த வருசம் தீவாளி கிடையாது. வீட்டுக்காரக தவறிட்டாக. பட்டாசுப் பெட்டி வந்து வாசல்ல இறங்கிருக்கு. தெருவுல எல்லாரும் பாத்துட்டுப் போறாக. என்னால தூக்கவும் முடியல.”

சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஆடியிலேயே ஆர்டர் போட்டிருக்கிறாள். புரட்டாசியில் அப்பா போய்விட்டார். மகள் வந்து, காரியம் முடித்து, திரும்பிப் போயிருக்கிறாள். பட்டாசு அவள் நினைவில் இல்லை. லாரிக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் எப்படித் தெரியும்? சாவு விழுந்த துட்டி வீட்டு வாசலில் பட்டாசை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

துட்டி வீடு என்றால் என்னவென்று தெரியாதவளா நான்? அம்மா இறந்த வருஷம் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்த முறுக்கைத் தொடவும் மனசில்லாமல், தெருவில் வெடிக்கிற ஒவ்வொரு வெடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே பஸ் பிடித்துப் போனேன். வாசலில் பெட்டி. அதன் மேல் பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள். நான் ஏறிச் சென்ற ஆட்டோக்காரரிடமே கொடுத்து, உங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அந்த அம்மா, “சாப்பிட்டீகளா?” என்றார்.

பெரிய வீடு. ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த வீடு முழுக்கப் புரிந்துவிட்டது. மோர் கொடுத்தார். மகள் மேல் வருத்தமா என்று கேட்டேன்.

“ஆர்டர் போட்டதையே மறந்துட்டா பாருங்க, அம்புட்டு அழுதுட்டுப் போயிருக்கா எம்புள்ள” என்றார். கொஞ்சம் கழித்து, “உங்களுக்குத் தீவாளிக்கு யாரு வாராக?”

“தம்பி வருவான்.”

“இந்த வருசமா?”

“இல்ல. குடோன் போட்டா வருவான்.”

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் காதில் விழுந்தபோதுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று எனக்கும் தெரிந்தது. துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதனால் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அவரும் வாசல்வரை வரவில்லை.

பஸ்ஸில் அந்த ராஜபாளையத்துக்காரரின் குரல்தான் மண்டைக்குள் ஓடியது. அந்தத் தெருவில் ஒரு கடைக்காரரிடம் இந்த ஆர்டர் போயிருந்தால், பெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அது துட்டி வீடு என்று சொல்லியிருப்பார். விஸ்வநத்தத்தில் எவ்வளவு பெரிய குடோன் போட்டாலும் அதற்கு இது தெரியப் போவதில்லை. நானும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்தாலும் தெரியப் போவதில்லை.

தீபாவளி கழிந்த ஞாயிறு. போன் வருவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டேன். நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. லாரிப் பெட்டிகள் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன, கடைக்காரர்கள் ஆர்டரை மாற்றினார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். இரண்டும் நிஜம். அவன் வந்துவிடுவான்.

“சொல்லுக்கா, எப்படிப் போச்சு?”

கோவில்பட்டி அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவன் எங்கள் அம்மாவை நினைத்திருப்பான்.

“கடைதாம்லே சரி” என்றேன். “ஊருக்கு ஊர் நல்ல கடையாப் பிடிச்சாப் போதும். குடோன் வேண்டாம்.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியாக்கா?”

“யோசிச்சாச்சுலே.”

அவன் மூச்சு விட்டது அவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்டது. சுமை இறக்கியவனின் மூச்சு. அதைக் கேட்ட பிறகு மீதியை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“நானே எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேங்க்கா. இங்கன ஒரு வீடு பாத்து, வாங்குறதுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டோம். ஆடிக்கு முன்னாடியே. நீ குடோன் குடோன்னு நிக்கவும் எனக்குப் பயமாப் போச்சு.”

எனக்குக் கோபம் வர வேண்டும். மற்ற நாளாக இருந்தால் வந்திருக்கும்.

“நல்லதுலே. வாசல் கிழக்கு பாத்து இருக்கா?”

“தெரியலக்கா. கவனிக்கல.”

“காலையில எந்திரிச்சு வெயில் எங்கிட்டு விழுதுன்னு பாரு. பாத்துட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லு” என்றேன்.