மாதாவுக்குப் படைத்த பாட்டு

மரிய சுகந்தி கோயில் பாட்டுக்குழுவில் பத்தொன்பது வருஷமாக மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் நிற்பவள். அங்கே போய் நில் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு அந்தத் தூண்மறைவு காலியாக இருந்தது. போய் நின்றாள். அதுவே அவள் இடமாகிப்போனது. பாதிப்பேருக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஆனால் அவள் வராத ஞாயிறுகளில் பாட்டு ஏதோ இளைத்துப்போனது மாதிரி இருக்கும். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை.

அவள் பிறந்தது பாகூர்ப் பக்கம். அப்பாவுக்கு ஏரி வாய்க்காலின் கடைசியில் முக்கால் காணி நிலம். மேல்மடைக்காரர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்து, மனசு வந்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும். எட்டாவது படிக்கும்போது அம்மாவுக்கு மூட்டுவலி வந்து நடக்க முடியாமல் போக, வாய்க்கால் ஓரம் நின்று தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் வேலை சுகந்திக்கு வந்தது. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. தண்ணீர் தலைகாட்டியதும் "யப்போ, வந்துட்டுதுப்போ" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். மற்ற பிள்ளைகள் அப்படித்தான் போடுவார்கள். இவளுக்குச் சத்தம் வராது. அப்பா இருக்கும் இடத்துக்கு ஓடிப்போய், மூச்சு வாங்க, காதருகே சொல்வாள். அவள் ஓடிச் சொல்லி, அப்பா மண்வெட்டியோடு வந்து சேர்வதற்குள் மேலே அடைத்திருப்பார்கள். "ஊமச்சி, ஊமச்சி" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அவளை அல்ல, தன் தலையில்.

அந்த நாட்களில் வாய்க்கால் ஓரம் நின்று அவளாகக் கட்டிய பாட்டு ஒன்று. மேல்மடைக்காரனைப் பார்த்துக் கேட்பது போல.

*மேல்மட அண்ணே மேல்மட அண்ணே*
*ஒன் வயலு குளுந்துச்சா*
*கடமடையில் காத்து நிக்கிறேன்*
*காலு ரெண்டும் காஞ்சிடுச்சே*

அதை அவள் யார் முன்னாலும் பாடியதில்லை. உறுவையாறைத் தாண்டி மாதாகோயில் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பெரிய மெஷின் முழு வேகத்தில் சுற்றும்போது மட்டும் பாடுவாள். அந்த இரைச்சலில் அவளுக்கே தன் குரல் கேட்காது. வருஷா வருஷம் ஒரு வரி, இரண்டு வரி சேர்ந்து பாட்டு வளர்ந்தது.

அதைக் கண்டுபிடித்தவன் லியோ பிரகாஷ், அவள் கொழுந்தன். கோயிலில் கீபோர்டு வாசிப்பவன். ஒருநாள் அண்ணிக்குச் சாப்பாடு கொடுக்கப் போனவன், மெஷின் சட்டென்று நிற்க, அவள் நிறுத்த மறந்த இரண்டு வரியைக் கேட்டுவிட்டான்.

"அண்ணி, இது இன்னா பாட்டு?"

"ஒண்ணுமில்ல தம்பி. சும்மா."

"சும்மாவா? இன்னொரு தபா பாடுங்க."

"போ தம்பி, சோறு ஆறிப்போவுது."

அவன் விடவில்லை. அந்தச் சமயம் அவன் ஃபோனில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாடும் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிற உலகப் போட்டி. இந்தியாவின் பாட்டு எது என்று முடிவு செய்ய எல்லா மாநிலத்திலிருந்தும் பாட்டு கேட்டிருந்தார்கள். எந்த மொழியிலும் இருக்கலாம், பெயர் தெரியாதவர்களும் அனுப்பலாம். ஒரு மாசம் கெஞ்சி அவளைச் சம்மதிக்க வைத்தான். அவள் புருஷன் தனிஸ்லாஸின் லோடு வண்டிக்குள் உட்கார்த்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, வேர்க்க வேர்க்க ஃபோனில் பதிவு செய்தான். தனிஸ்லாஸ் வெளியே நின்று பீடி குடித்தபடி, "சீக்கிரம் ஆவட்டும்டா, கரும்பு லோடு கீது" என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

வந்து சேர்ந்த நாலாயிரம் பாட்டுகளிலிருந்து பன்னிரண்டை எடுத்தார்கள். அதில் அவளுடையது ஒன்று. பன்னிரண்டு பேரும் மும்பை மேடையில் பாட வேண்டும். அதில் ஒருவர் இந்தியாவின் பேரில் வெளிநாட்டுக்குப் போவார்.

ஒப்பந்தத் தாள் வந்த அன்று லியோ அதை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினான். நாலாவது பக்கத்தில் ஒரு விதி. மும்பை மேடை ஏறும்வரை அந்தப் பாட்டை எங்கேயும், யார் முன்னாலும் பாடக்கூடாது. எங்கேயும் வெளியாகக்கூடாது. மீறினால் பாட்டு தள்ளப்படும். சுகந்தி அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டாள். எட்டாவது வரை படித்தவளின் பெரிய பெரிய எழுத்து. அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அவளுக்கு ஓர் ஆசை வந்தது. அதுவரை அவள் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. உலகமே கேட்கிற ஓர் இடத்தில் நின்று, மேல்மட அண்ணே என்று உரக்கக் கூப்பிட வேண்டும்.

செய்தி பேப்பரில் நாலு வரி வந்தது. அதற்குமேல் ஊரைப் பிடிக்க முடியவில்லை. மாதா திருவிழாவுக்கு அப்போது பத்து நாள்தான் இருந்தது. லியோ பின்னணி இசை அமைக்கச் சென்னைக்குப் போயிருந்தான். கோயில் கமிட்டித் தலைவர் அன்புராஜ், சுகந்தியைக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எது புதிதாக வந்தாலும் முதலில் மாதாவுக்கு. முதல் கதிர் மாதாவுக்கு. கன்று போட்ட மாட்டின் முதல் பால் மாதாவுக்கு. புது வண்டி வாங்கினால் ரோட்டில் ஓடுவதற்கு முன் கோயிலை மூன்று சுற்று. ஒருமுறை ஒருவன் துபாயிலிருந்து வாங்கி வந்த டிவியைப் பெட்டி பிரிக்காமல் பீடத்தின் அடியில் ஒரு ராத்திரி வைத்திருந்து எடுத்துப் போனான்.

"நவநாள் கடைசி நாளு, தேர் கெளம்பறதுக்கு முன்னாடி, மாதா முன்னால நீ அந்தப் பாட்ட பாடிடு" என்றார் அன்புராஜ். "அப்புறமா மும்பையோ, லண்டனோ, எங்கியும் போலாம்."

சுகந்தி தரையைப் பார்த்தாள். "அண்ணே... வெளிய பாடக் கூடாதுன்னு அந்தத் தாள்ல..."

"இன்னாம்மா சொல்ற? காதுல வுழல."

அன்புராஜின் மனைவி அன்னாமேரி முன்வரிசையில் இருந்தாள். பாட்டுக்குழுவில் இருபது வருஷமாக மைக் பிடிப்பவள் அவள்தான். "வெளிய பாடக் கூடாதாம்ங்க" என்று புருஷனுக்கு எடுத்துச் சொல்லிவிட்டுச் சுகந்தி பக்கம் திரும்பினாள். "ஏண்டி, கோயிலு வெளியாவாடி? மாதா வூடு நமக்கு வெளியாடி?"

கூட்டம் சிரித்தது.

"அதில்லக்கா. கையெழுத்து போட்டுக்கீறேன்..."

"கையெழுத்து! ஞானஸ்நானம் குடுத்தப்ப மாதாவுக்கு இன்னா கையெழுத்து போட்ட? மூணாவது வரிசையில நின்னவள இம்மாந்தூரம் தூக்கி வுட்டது யாரு? அந்தத் தாளா?"

இதற்குச் சுகந்தியிடம் பதில் இருந்தது. வீட்டுக்கு வந்து அரிசி கழுவும்போது பதில் வரிசையாக வந்தது. அங்கே நின்றபோது வரவில்லை. பக்கத்தில் நின்ற தனிஸ்லாஸ், "பாடிட்டுப் போயேன் சுகந்தி, நாலு வரிதானே" என்றான்.

லியோவுக்கு ஃபோன் போட்டாள். அவன் பதறிப்போய் அன்புராஜிடம் பேசினான். அன்புராஜ் தன்மையாகவே கேட்டுக்கொண்டார். "சரிப்பா, புரியுது. ஃபோனுல புடிச்சு எவனாவது போட்டுடுவான்னுதானே பயப்படற? ஒரு ஃபோனு தூக்க வுடமாட்டேன், போதுமா? மாதாவும் நாமளும் மட்டும்."

"அது போதாதுண்ணே, யார் முன்னாடியும் பாடக் கூடாது..."

"டேய், மாதாவ வுட்டுட்டுப் போனா அந்தப் பாட்டு வெளங்குமாடா?"

லியோவும் அந்த ஊர்ப்பிள்ளைதான். ஃபோனை வைத்துவிட்டான்.

கடைசி நாள். தேர் ஜோடித்து வாசலில் நின்றது. அன்புராஜ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மைக்கில் மூன்று முறை அறிவித்தார். "யாரும் ஃபோனு எடுக்கக் கூடாது, எடுத்தா புடுங்கி உண்டியல்ல போட்டுடுவேன்." ஆயிரம் பேர் ஃபோனை மடியிலும் பையிலும் வைத்துக்கொண்டார்கள். சுகந்தி தூணைவிட்டு வெளியே வந்தாள். அன்னாமேரி மைக்கை அவள் கையில் கொடுத்து, "உரக்கப் பாடுடி, மாதாவுக்குக் கேக்கணும்" என்றாள். அந்த நேரத்தில் அதில் குத்தல் இல்லை. உண்மையான ஆசையாகவே சொன்னாள்.

முதல் வரியிலேயே கூட்டம் அடங்கியது. பிள்ளைகள்கூட அழவில்லை. தன் குரல் கோயில் கூரைவரை போய்த் திரும்பி வருவதைச் சுகந்தி முதன்முறையாகக் கேட்டாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது அடியில்தான் அதைப் பார்த்தாள். பக்கவாட்டு வாசலுக்கு மேலே, பலகை மேடையில் கேமரா. அதன் முன்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. திருவிழாவை வருஷா வருஷம் நேரடியாகக் காட்டுவார்கள். பிரான்சில் இருக்கும் ஊர்க்காரர்களும் துபாயில் இருப்பவர்களும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஃபோனில் தேர் பார்ப்பார்கள். அதை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது ஃபோன் இல்லையே, கோயில் கேமராதானே.

எதையும் முதலில் பார்ப்பது அவள்தான். வாய்க்காலிலும் அப்படித்தான். அந்த நொடி பாட்டை நிறுத்தியிருக்கலாம். மைக் கையில் இருந்தது. கேமராவை நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஆயிரம் பேர் வாயடைத்து அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறந்து நாற்பத்தொரு வருஷத்தில் ஒருமுறை. கடைசி வரிவரை பாடினாள்.

மறுநாள் கோயிலின் ஃபேஸ்புக் பக்கத்தில் அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் தனியாக வெட்டிப் போட்டிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில்: "இந்தியாவின் பாடல், எங்கள் ஊர் மகள்." மூன்று நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நாலாம் நாள் மும்பையிலிருந்து கடிதம் வந்தது. வருத்தத்துடன் தெரிவிப்பதாக எழுதியிருந்தார்கள். கீழே அவள் போட்ட பெரிய பெரிய எழுத்துக் கையெழுத்தின் நகலும் இருந்தது.

லியோ சென்னையிலிருந்து ஓடி வந்தான். "அண்ணி, நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னேன் தம்பி."

"இன்னான்னு சொன்னீங்க? கத்தி சொன்னீங்களா?"

அவள் சிவப்புப் பொட்டைப் பற்றி அவனிடம் சொல்லவே இல்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் இரண்டு நாள் துக்கப்பட்டது. மூன்றாம் நாள் காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. "மாதாவுக்கு அந்தப் பாட்டு அவ்ளோ புடிச்சிப்போச்சு. தனக்கே வச்சிக்கினா" என்றாள் அன்னாமேரி. இதைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்தது. சாமியார் பிரசங்கத்திலும் சொன்னார். சுகந்தியைப் பார்க்கும்போதெல்லாம், "குடுத்து வச்சவடி நீ" என்றார்கள். மாதா கேட்டாளா என்று அவள் யாரையும் திருப்பிக் கேட்கவில்லை.

மும்பை நிகழ்ச்சி டிவியில் வந்த அன்று அன்புராஜ் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. பதினொரு பாட்டு. ஜெயித்தது பளபளவென்று உடை போட்ட ஒரு பெண்ணின் பாட்டு. யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. நம்ம நாட்டுப் பாட்டு என்று எல்லாரும் கை தட்டினார்கள். அன்புராஜ் தன் ஃபோனிலிருந்து அதற்கு ஓட்டுக்கூடப் போட்டிருந்தார். சுகந்தி வாசல்படி ஓரத்தில் நின்று பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் டீ கொடுத்தாள்.

அடுத்த திருவிழா வந்தது. "நம்ம பாட்டு" தேர் கிளம்பும் முன் பாடப்பட வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. இனி வருஷா வருஷம் அப்படித்தான். மைக் அன்னாமேரிக்கு. "சுகந்திக்குக் கூட்டத்தப் பாத்தா நடுங்கும், பாவம். அவ பின்னால நின்னு எடுத்துக் குடுக்கட்டும்" என்றாள். குளுந்துச்சா என்ற இடத்தில் இழுக்கக் கூடாது, சட்டென்று விட வேண்டும். அன்னாமேரி அதை இழுத்து இழுத்துப் பாடிப் பழகினாள். ஒத்திகையில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

இத்தனை வருஷத்தில் முதன்முறையாகச் சுகந்தி திருவிழா அன்று வேலைக்குப் போனாள். லீவு கேட்கவில்லை என்று வீட்டில் சொன்னாள். லீவு கிடைக்கவில்லை என்று தனிஸ்லாஸ் ஊரில் சொல்லிவைத்தான். பஸ் ஏறும்போது லியோ வந்து கேட்டான்.

"புதுசா ஏதாவது வந்துதா அண்ணி?"

"ஒண்ணும் வரல தம்பி."

வந்திருந்தது. நாலு மாசமாக வந்துகொண்டிருந்தது. முன்னதைவிடப் பெரிய பாட்டு. அதில் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மத்தியானம் வார்டு துணி மூட்டை மூட்டையாக வந்து விழுந்தது. மெஷினில் திணித்து, கதவைச் சாத்தி, வேகம் பிடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரைச்சல் ஏறியதும் வாயைத் திறந்தாள். இப்போதெல்லாம் அவள் மெஷினின் நேரத்தைக் கணக்காக வைத்திருக்கிறாள். அது தணிவதற்கு அரை நிமிஷம் முன்னால் நிறுத்திவிடுவாள். அன்று கரண்ட் போனது. மெஷின் முன்னறிவிப்பில்லாமல் நின்றது. அவள் ஒரு சொல்லின் நடுவில் வாயை மூடிக்கொண்டாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த செல்வகுமாரி அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, யாரோ பாடுன மாரி இருந்துச்சு?"

"மெஷினுடி" என்றாள் சுகந்தி.