துருப்பிடித்த புது ஸ்கூட்டர்

ஓசூர் கம்பெனியொன்றில் ஷோயப்புக்கு வேலை, பெயிண்ட் அடித்து வரும் உதிரிபாகங்களில் கீறல் தேடுவது. எட்டு மணி நேரம் தேடிவிட்டுக் கிருஷ்ணகிரி திரும்புகிறவன், டீ குடித்த கையோடு கீறல் போட உட்காருவான். பிளாஸ்டிக் பீரங்கி வண்டிகளைத் துண்டு துண்டாக ஒட்டி, போர்க்களத்திலிருந்து தப்பி வந்ததுபோல் ஆக்குவது அவன் பொழுதுபோக்கு. ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் குண்டு துளைத்த ஓட்டை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பழுப்பு பெயிண்டில் தொட்டு ஒற்றினால் துரு. சக்கரத்துச் சேற்றுக்கு வேப்பனப்பள்ளி செம்மண்.

மனைவி மெஹக் இதை மதித்ததே இல்லை. அவள் புது ஸ்கூட்டர் வாங்கியதும், அவளுடைய அண்ணன் அஜாஸ் தினமும் வந்து நின்றார்.

"பாப்பா, சாவி குடு. அஞ்சே நிமிசம்."

அந்த ஐந்து நிமிடம் சாயங்காலம்தான் முடியும். கூடப்பிறந்தவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

"ஏங்க, அந்த பொம்மைக்குப் பண்றத என் வண்டிக்கும் பண்ணுங்க. ஆனா கழுவுனா போயிடணும்," என்றாள் மெஹக்.

ஷோயப்புக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, தண்ணீரில் கரையும் சாயத்தால் ஸ்கூட்டருக்கு இருபது வயது கூட்டினான்.

மறுநாள் அஜாஸ் வண்டியை இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள இது?"

"ஏரியில விழுந்துடுச்சு மச்சான்."

"இதுல போனா கடைத்தெருவுல ஒருத்தனும் சலாம்கூட சொல்லமாட்டான்," என்று பஸ் ஏறிப் போய்விட்டார்.

மூன்று வாரம் நிம்மதி. பிறகு காவேரிப்பட்டினத்தில் ஒரு நிக்காஹ். ஷோயப் ஓட்ட, மெஹக் பின்னால் உட்கார ஸ்கூட்டரில் கிளம்பினார்கள், பாதி வழியில் மழை கொட்டியது. மண்டப வாசலில் இறங்கியபோது வண்டி ஷோரூமில் நிற்பதுபோல் பளபளத்தது. துருவெல்லாம் மெஹக்கின் வெள்ளைச் சுடிதாரில் இருந்தது.

அஜாஸ் வாசலிலேயே நின்றிருந்தார்.

"மழையில நனைஞ்சா சரியாவற வண்டியா இது?"

மெஹக் துப்பட்டாவை இழுத்துச் சுடிதாரின் கறையை மறைத்தாள்.

"சரி, சாவி குடு. ஐஸ்கிரீம் பத்தல, வாங்கியாந்துடறேன்."

போனவர் பிரியாணி முடியும் நேரத்தில் வந்தார். ஐஸ்கிரீம் உருகியிருந்தது. வண்டியின் முன்பக்கம் கோணியிருந்தது, பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

"கேட் கம்பம் குறுக்க வந்துடுச்சு. நீதான் பெயிண்ட் வேலை தெரிஞ்சவனாச்சே, பாத்துக்க மாப்ள," என்று பந்திக்குப் போய்விட்டார்.

ஷோயப் வண்டியருகே குந்தினான். கீறலின் ஓரத்தில் பெயிண்ட் சுருண்டிருந்தது. நடுவில் பளிச்சென்று உலோகம். இத்தனை வருடமாக அவன் இதைப் பழுப்பாகவே பூசிவந்திருக்கிறான்! செல்போனை எடுத்துக் கிட்ட, எட்ட, சாய்த்து என்று பதினெட்டு படம் எடுத்தான்.

"மெஹக், இங்க வந்து பாரேன். புதுக் கீறல்ல துருவே இருக்காது!"

அவள் ஈரச் சுடிதாரைப் பிழிந்துகொண்டே அவனைப் பார்த்தாள்.

"ஏறுங்க," என்றாள். "பின்னாடி."