மூன்றடியில் தண்ணீர்

எங்கள் புது வீட்டின் அஸ்திவாரக் குழியில் மூன்றடி தோண்டியதும் கறுப்புக் களிமண் வந்தது. கோரைக்கிழங்கு வாசனை. அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

“மழைத் தண்ணிதானுங்க, வத்திப்போயிரும்,” என்றார் மேஸ்திரி.

மழை பெய்து ஒரு மாதமாகிறது. ஆனாலும், எதற்கும் பயப்படுகிறவள் என்று எனக்குப் பெயர். சரியென்று தலையாட்டினேன். இடுப்பிலிருந்த மகள் இருமினாள்.

ராசிபுரம் பக்கம் ஏரியை ஒட்டி அப்பா கட்டிய வீட்டில் இதே வாசனை இருந்தது. ஐப்பசியில் சிமெண்டுத் தரை வியர்க்கும். தம்பிக்கு மூச்சு இரைக்கும். அம்மா கோணிச்சாக்கு விரித்து, விடியும்வரை அவனை நிமிர்த்திப் பிடித்திருப்பார். வடக்கே ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த அப்பா போனில் கேட்பார், “ஊடு எப்படியிருக்குது?”

“நல்லாருக்குதுங்க.”

போனை வைத்ததும் அம்மா ஈரச்சாக்கைத் திருப்பிப் போடுவார். ஏன் மறைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆசையாக் கட்டுனாரு சாமி. அத்தனை தூரத்துல இருக்கறவர எதுக்கு நோகடிக்கணும்?”

என் கணவரும் இப்போது ரிக்கில்தான், மத்தியப் பிரதேசத்தில். போன் அடித்தது.

“மண்ணு எப்படி?”

நல்லாருக்குதுங்க என்று வாய்வரை வந்தது.

“தண்ணி ஊறுதுங்க. ஏரி மண்ணு. வேலைய நிறுத்தச் சொல்லப்போறேன்.”

“இங்க எண்ணூறு அடி போட்டும் புழுதிதான் வருது. அங்க மூணடியில தண்ணியா?” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவர் பேசட்டும் என்று குழியோரம் நின்றிருந்தேன்.