அவுக்கவா என்று கேட்டேன்

சிலிபின் என்கிற ஊரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஏழு பேர் கூடுவோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் யோகா வகுப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். "எனக்கும் முட்டி வலிக்குது, ஏதாச்சும் சொல்லிக் குடு லா" என்று அவர் கேட்கும்போதெல்லாம் கிளாஸ் ஃபுல் என்று சமாளிப்பேன். உண்மையில் நாங்கள் செய்தது, ஒருவர் கேட்டுக்கொண்டபடி இன்னொருவர் அவரைக் கயிற்றால் கட்டுவது. சிலர் அடியும் கேட்டு வாங்குவார்கள். எல்லாரும் முப்பது தாண்டியவர்கள், வேலைவெட்டி உள்ளவர்கள். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்பதால் ஒருவரை ஒருவர் பெயர்கூடக் கேட்டதில்லை.

நான் திரைச்சீலைக் கடையில் தைக்கிறவள். கயிறும் முடிச்சும் கைக்குப் பழக்கம், அதனால் கட்டுகிறவள் நான்தான். மூன்று வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். நாற்பத்தொரு வயது, சிலோன்காரக் குடும்பம், கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்குள் காதல் கீதல் எதுவும் கிடையாது. யாரும் நம்பமாட்டார்கள், நம்பாவிட்டால் போகட்டும். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டு, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டே ஓய்ந்துபோன மனுஷன். கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கண் பாதி மூடும், பேச்சு குழறும், மூச்சு நீளும். இதை நாங்கள் மிதப்பு என்போம்.

மிதப்பில் இருப்பவருக்கு வலி சரியாகத் தெரியாது, நேரம் தெரியாது. அதனால் நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தையை முன்பே பேசி வைத்துக்கொள்வோம். சீனர்களும் தமிழர்களும் கலந்த கூட்டம் என்பதால் எல்லாருக்கும் பொதுவாக மலாயில் வைத்தோம். மேரா, அதாவது சிவப்பு. அதைச் சொன்னால் அந்த நொடியே கயிற்றை வெட்டிவிட வேண்டும். கத்தரிக்கோல் எப்போதும் என் இடுப்பில் தொங்கும்.

அன்று பெரிய மழை. மற்றவர்கள் வரவில்லை, டாக்டர் மட்டும் வந்தார். கட்டிய பிறகு, கை மரத்துப்போகிறதா என்று பார்க்க, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் கையில் என் விரலைக் கொடுத்து அழுத்தச் சொல்ல வேண்டும், அதுதான் விதி. முதல் தடவை சொன்னேன். பிறகு சொல்லவில்லை. அந்த முகம் கலைந்துவிடுமே என்றுதான். இப்படி ஓர் அமைதியை இந்தத் தையல்காரியின் கை கொடுக்கிறது என்று எனக்குத் திமிர்.

மிதப்பு கட்டப்பட்டவருக்குத்தான் வரும் என்று நினைக்கிறார்கள். கட்டுகிறவளுக்கும் வரும், அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தகரக் கூரையில் கொட்டிய மழை எனக்குக் கேட்கவில்லை. உடம்பு லேசாகி, உலகத்தில் என் கையும் கயிறும் மட்டும் இருந்தன. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிற மாதிரிதான். நன்றாகத்தான் ஓட்டுகிறோம் என்றே தோன்றும்.

அவருடைய வலது கை விரல்கள் நிறம் மாறியிருந்தன. அதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"டாக்டர், அவுக்கவா?"

"ஓம்," என்றார்.

"அவுத்துடவா?"

"ஓம்... ஓம்..."

நான் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவள். ஓம் என்றால் எனக்குக் கோயில் ஸ்பீக்கரில் கேட்கிற மந்திரம், அவ்வளவுதான். ஆள் சாமியிடமே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது. இன்னும் இருபது நிமிஷம் அப்படியே விட்டு வைத்தேன்.

அவிழ்த்தபோது வலது மணிக்கட்டு தொங்கியது. தூக்கச் சொன்னேன். தூக்கப் பார்த்தார், வரவில்லை. முதலில் சிரித்தார். பிறகு இடது கையால் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். கையின் மேல் படுத்துத் தூங்கிவிட்டேன் என்று அங்கே சொன்னார். மேல்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, தானாகத் திரும்பலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்றார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா அவசரமாக வந்து, நர்ஸிடம் அவரைத்தான் விசாரித்தார். எழுந்து நின்று கேட்டேன்.

"நீங்க டாக்டரோட அம்மாவா?"

"ஓம் பிள்ளை. நீரோ இவரைக் கூட்டிக்கொண்டு வந்தது?"

ஓம். அவர்கள் வீட்டில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். எங்களோடு பேசும்போது அவர் ஆமா லா, போலாம் லா என்று எங்களைப் போலத்தான் பேசுவார். மூன்று வருடத்தில் வீட்டுப் பேச்சு ஒரு தடவைகூட என் முன்னால் வந்ததில்லை. மிதப்பில் இங்கிலீஷ் போய், மலாய் போய், எங்கள் தமிழும் போய், அம்மாவிடம் பேசுகிற பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவுக்கவா என்று நான் கேட்டதற்கு மூன்று தடவை ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்.

கூட்டம் விசாரித்தது. "மேரான்னு சொன்னாரா?" என்று கேட்டார்கள். சொல்லவில்லை என்றேன். அது பொய்யில்லை. விரல் அழுத்தச் சொல்லாததையும் ஒத்துக்கொண்டேன், திட்டினார்கள். ஓம் என்றதை மட்டும் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். கரண்டி பிடிக்க முடிகிறதாம். சின்ன ஊசியைப் பிடித்தால் கை நடுங்குகிறதாம். கிளினிக்கை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். நான் போட்டுக் கொடுத்த மைலோவை இடது கையால் குடித்தார்.

"எனக்கு அன்னிக்கி ஒண்ணுமே ஞாபகம் இல்ல லா. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

கேள்வி நேராக வந்தது. சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும். அவர் கண்ணைப் பார்த்தேன். உண்மை தெரிந்தால் அந்தக் கண் என்னை எப்படிப் பார்க்கும் என்று பயந்தேன். அந்தப் பயம்தான் ஜெயித்தது.

"ஒண்ணும் சொல்லல டாக்டர்."

தலையை ஆட்டினார். "அப்ப தப்பு என் மேலதான். வாயத் திறந்திருக்கணும். ஒன்னையும் இத்தன மாசம் அழ வெச்சிட்டேன். மன்னிச்சிரு," என்றார்.

நான் அவரை மன்னித்தேன்.